முகப்பு ஹாலுக்கு 14 மீட்டர் பேலன்ஸ்டு கேபிள்: எதை வாங்கலாம்?

பள்ளத்தூரான்

எல்லோருக்கும் வணக்கம். சென்னை வாசத்தை முடித்துக்கொண்டு பள்ளத்தூரில் பாட்டையா கட்டிய வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டோம். கூடவே என் ஆடியோ சாமான்களும் வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது வீட்டில் தினப்படி பஞ்சாயத்து.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு உடனே புரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பீக்கரை மூச்சு விடும்படி வைக்க இடம் இருப்பது முகப்பு ஹாலில் மட்டும்தான், ஆனால் அது பொது இடம். படைப்பு (முன்னோர்களுக்குப் படைக்கும் வழிபாடு), கல்யாணம் என்று வந்தால் பங்காளிகள் அத்தனை பேரும் கூடுவார்கள், ஹாலைக் காலி செய்தே ஆகவேண்டும். அதனால் டர்ன்டேபிள், டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி), ப்ரீஆம்ப் (வால்யூமையும் எந்தக் கருவி பாடுவது என்பதையும் பார்த்துக்கொள்வது) எல்லாவற்றையும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எங்கள் பங்குக்கு வந்த அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, பவர் ஆம்பையும் (ஸ்பீக்கரை ஓட்டுவது) ஸ்பீக்கரையும் மட்டும் ஹாலில் வைக்கலாம் என்று யோசனை. நேராகப் பார்த்தால் பக்கம்தான். ஆனால் சுவரில் துளை போட யாரும் சம்மதிக்கமாட்டார்கள், கண்ணாடி மாதிரி இழைத்த அந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்தால் எனக்கே மனசு வராது. நிலைப்படி ஓரமாக, உத்தரத்தை ஒட்டி என்று சுற்றிக்கொண்டு போனால் நூல் பிடித்து அளந்ததில் 14 மீட்டர் வருகிறது.

தற்காலிகமாக ஆர்சிஏ கேபிளை (வீட்டு ஆடியோவில் வழக்கமான, நடு ஒயரும் ஷீல்டும் மட்டும் உள்ளது) நீட்டிப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று விடாமல் ஒரு இரைச்சல். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்தால் அதோடு ஒரு 'ட்ர்ர்ர்' வேறு சேர்ந்துகொள்கிறது. ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டிலுமே எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) சாக்கெட் இருப்பதால் பேலன்ஸ்டு கேபிளுக்கு (சிக்னலுக்கு இரண்டு ஒயர், தனியாக ஷீல்டு) போய்விடலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். 5 மீட்டர் ஜோடியே 60,000 ரூபாயில்தான் தொடங்குமாம், 14 மீட்டர் என்றால் ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டுமாம், வெள்ளிக் கம்பியா செம்பா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். பர்ன்-இன் (கேபிளைச் சில நாள் ஓட விட்டுப் 'பழக்குவது') செய்து தருவதற்குத் தனிக் கட்டணம்.

இவ்வளவு நீளத்துக்கு உண்மையில் என்ன கேபிள் வேண்டும்? ஸ்டார் குவாட் என்று சொல்கிறார்களே, அது அவசியமா? கேபிளை மாற்றினாலே இரைச்சல் போய்விடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மைக்செட் மகன்

அண்ணே, முதலில் அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து மைக் செட் தொழில். கோயில் திருவிழாவில் மேடையிலிருந்து மிக்சருக்கு 50 மீட்டர் கேபிள் சாதாரணமாக ஓடும். பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஒயர், சீரியல் லைட், ராட்டினத்துக்குப் போகிற லைன் எல்லாம் கிடக்கும், ஆட்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதுவே சுத்தமாக வந்து சேர்கிறது. உங்கள் ப்ரீஆம்ப் இரண்டு வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும், ஓடப்போவது வெறும் 14 மீட்டர், அதுவும் வீட்டுக்குள். இதற்கு வெள்ளிக் கம்பி எதற்கு?

ஸ்டூடியோவிலும் மேடையிலும் ஓடுகிற கேபிளையே மீட்டர் கணக்கில் வாங்குங்கள். கனாரே எல்-4இ6எஸ், மொகாமி 2549, மொகாமி 2534, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. கேனனுக்கு நியூட்ரிக் என்சி3எஃப்எக்ஸ்எக்ஸ் இரண்டு, என்சி3எம்எக்ஸ்எக்ஸ் இரண்டு. எங்கள் பக்கம் எக்ஸ்எல்ஆர் என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார், கேனன் பின் என்று கேளுங்கள். ஆனால் நியூட்ரிக்கில் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது, கவனம். பற்றவைப்புக் கோலை வைத்ததும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிப் பின் ஒரு பக்கம் சாய்ந்தால் அது டூப்ளிகேட்தான், அசல் அவ்வளவு சீக்கிரம் இளகாது.

நீங்களே செய்வதானால் முதலில் பின்பக்க மூடியைக் கேபிளில் நுழைத்துவிட்டு அப்புறம் ஒயரைத் தொடுங்கள். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத மெக்கானிக் இந்தத் தொழிலில் கிடையாது. கேனன் பின்னை அதன் ஜோடியில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் வையுங்கள், சூட்டில் பின்கள் இடம் மாறாது. கிண்ணம் போன்ற பள்ளத்தில் முதலில் கொஞ்சம் ஈயத்தை உருக்கி நிரப்பி, ஒயர் முனைக்கும் ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்தால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். சால்டர் பளபளவென்று வழவழப்பாக உட்கார வேண்டும், சாம்பல் பூத்து உருண்டையாக நின்றால் உருக்கித் திரும்ப வையுங்கள்.

ஸ்டார் குவாட் என்றால் உள்ளே நாலு ஒயர் இருக்கும், கனாரேயில் இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. ஒரே நிறத்து இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி ஒரு பின்னில் வைக்க வேண்டும். ஒரு நிறம் 2-ஆம் பின்னுக்கு, மற்றது 3-ஆம் பின்னுக்கு, ஷீல்டு (ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறை) 1-ஆம் பின்னுக்கு. எந்த நிறம் எதற்கு என்பது பெரிய விஷயமில்லை, நாலு தலையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முடித்ததும் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று பாருங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே சத்தம் வரக்கூடாது என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

எல்லாம் சேர்ந்தாலும் கடைக்காரர் சொன்னதில் ஒரு சின்னப் பங்குதான் வரும்.

ஓம்விதி

மைக்செட் மகன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பள்ளத்தூரான் சாரின் கடைசிக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது: கேபிளை மாற்றினால் இரைச்சல் போகுமா? அது கேபிளைப் பொறுத்தது இல்லை, அதன் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகளைப் பொறுத்தது.

ஆர்சிஏவில் ஷீல்டுதான் சிக்னலின் திரும்பும் வழியும். இரண்டு கருவிகளின் எர்த் நிலைக்கும் இடையே கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் அந்த ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். நீளமான கேபிளில் ஷீல்டின் தடை 0.1 ஓம், ஓடுவது 1 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் நேராகப் பாட்டோடு கலந்துவிடும். பேலன்ஸ்டில் சிக்னலுக்கு என்று தனியாக இரண்டு ஒயர், ஷீல்டுக்கு அதில் பங்கு இல்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் ஏறுகிறது, வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டையும் முறுக்கி விட்டால் காந்தப்புலமும் இரண்டையும் சமமாகத் தொடும். தொலைபேசிக் கம்பிகளுக்காக கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யோசனைதான் இது.

பலர் நினைப்பதுபோல இரண்டு ஒயரிலும் சிக்னல் தலைகீழாக எதிரெதிரே ஓடுவது கட்டாயம் இல்லை. இரைச்சலைத் தள்ளுவதற்குத் தேவை இரண்டு ஒயரும் தரையை (கிரவுண்டை) பார்க்கும் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்குக் காட்டும் தடை) சமமாக இருப்பது. ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் இருந்த பில் விட்லாக் இதைத்தான் வருடக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தார். இந்தச் சமத்துவம் கொஞ்சம் பிசகினால் நிஜ வாழ்க்கையில் என்ன ஆகும் என்பதையும் அளக்கும்படி 2000-இல் ஐஇசி (மின் கருவிகளுக்கான சர்வதேசத் தர அமைப்பு) தன் சோதனை முறையையே மாற்றிக்கொண்டது.

அடுத்தது, எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருப்பதாலேயே கருவி பேலன்ஸ்டு ஆகிவிடாது. உள்ளே 3-ஆம் பின்னை நேராகத் தரையோடு இணைத்துவிட்டு, வெளியே மட்டும் கம்பீரமாக மூன்று பின் காட்டும் கருவிகள் வீட்டு ஆடியோவில் நிறைய உண்டு. கரண்ட்டை நிறுத்திவிட்டு, கேபிள்களைக் கழற்றிவிட்டு, ப்ரீஆம்பின் வெளியீட்டுச் சாக்கெட்டில் 1-க்கும் 3-க்கும் இடையே எத்தனை ஓம் என்று பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு சங்கடம், ஷீல்டு வந்து சேரும் 1-ஆம் பின்னை உலோகப் பெட்டியோடு இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டின் தரையோடு இணைத்து வைப்பது. ஷீல்டில் ஓடுகிற குப்பை எல்லாம் அப்போது சர்க்யூட்டுக்குள்ளேயே நடமாடும். நீல் மன்சி 1995-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் இதைப் பற்றி எழுதிய பிறகு 'பின் 1 பிரச்சினை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் கருவியில் இது இருந்தால் எந்த விலைக் கேபிளும் காப்பாற்றாது. வாங்கும் முனையில், அதாவது பவர் ஆம்ப் பக்கம், ஷீல்டை மட்டும் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். கொடுக்கும் முனையில் கழற்றாதீர்கள், அங்கே ஷீல்டு இணைந்தே இருக்க வேண்டும்.

ஸ்டார் குவாட் பற்றி. காந்தப்புல இரைச்சலைச் சாதாரண முறுக்கு ஜோடியைவிட நன்றாகத் தள்ளும், ஆனால் கெபாசிட்டன்ஸ் (ஒயர்களுக்கு இடையே மின்னேற்றம் தேங்கும் அளவு, கூடினால் உயர் அலைகள் குறையும்) கூடுதல், கனாரேயில் மீட்டருக்குச் சுமார் 150 பிகோஃபாரட். 14 மீட்டருக்கு 2,100. ப்ரீஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓம் என்றால் உயர் அலைகள் குறையத் தொடங்குவது 750 கிலோஹெர்ட்ஸ் பக்கம், 600 ஓம் என்றாலும் 126 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20-லேயே நின்றுவிடும், அதனால் கவலை இல்லை. ஆனால் உங்களுடையது பாசிவ் (பெருக்காமல் வால்யூமை மட்டும் குறைக்கும்) ப்ரீஆம்பாகவோ இம்பீடன்ஸ் அதிகமான வால்வ் ப்ரீஆம்பாகவோ இருந்து 2,500 ஓம் காட்டினால் 30 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 20-இல் ஒன்றரை டெசிபெல் போய்விடும். அப்படியென்றால் கெபாசிட்டன்ஸ் குறைந்த சாதாரண ஜோடிக் கேபிளுக்குப் போங்கள். உங்கள் ப்ரீஆம்ப் என்ன வகை?

மிதிபடாமல் ஒரே இடத்தில் கிடக்கப்போகிற கேபிள் என்பதால் ஃபாயில் ஷீல்டு போட்ட பெல்டன் 8451 கூடப் போதும். ஒல்லியாக இருக்கும், உத்தரத்து ஓரத்தில் கண்ணுக்கே தெரியாது. அடிக்கடி சுருட்டி விரிக்கிற வேலைக்கு மட்டும் அது ஆகாது, ஃபாயில் கிழிந்துவிடும்.

ஒரு மாற்று யோசனையும் சொல்லிவிடுகிறேன். பவர் ஆம்பையும் உங்கள் அறையிலேயே வைத்துவிட்டு, 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரை ஸ்பீக்கர் வரை இழுத்தால் போக வர 28 மீட்டருக்குத் தடை சுமார் 0.14 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பு 0.15 டெசிபெல். இரைச்சல் ஏற வாய்ப்பே இல்லை, விசேஷத்துக்கு நகர்த்த வேண்டியது ஸ்பீக்கர் மட்டும்தான். ஒயர் தடிமனாகத் தெரியும், அது ஒன்றுதான் குறை. இதை யாரும் விற்கமாட்டார்கள், ஏனென்றால் எலெக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கிறது.

செவிச்செல்வம்

எண்களை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லாக் கேபிளும் ஒன்றுதான் என்று முடித்துவிடாதீர்கள். காரைக்குடி பாணி வீணை கேட்டு வளர்ந்த காது எனக்கு. ஆர்சிஏவிலிருந்து வெள்ளி முலாம் போட்ட எக்ஸ்எல்ஆருக்கு மாற்றிய அன்று ராத்திரி முழுக்கப் படுக்கவில்லை. மீட்டு விழும் இடம் தெளிவாகக் கேட்டது, கமகத்தின் வால் வரைக்கும் காதில் நின்றது. பக்கத்து அறையிலிருந்து வந்த மனைவி, 'என்ன மாற்றினீர்கள்?' என்று தானாகக் கேட்டாள். அவளுக்குக் கேபிள் விலை தெரியாது (இன்றுவரை தெரியாது). இதை எந்த மல்டிமீட்டரில் அளப்பீர்கள்?

ஓம்விதி

செவிச்செல்வம் சார், உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை. நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் வித்தியாசத்தை நிஜமாகவே கேட்டிருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் கேள்வி.

வீட்டு டாக், ப்ளேயர்களில் ஆர்சிஏ வெளியீடு பெரும்பாலும் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் 4 வோல்ட். அதாவது 6 டெசிபெல் கூடுதல். வால்யூமைத் தொடாமல் கேபிளை மாற்றினால் அடுத்த அறைக்கே கேட்கும் அளவுக்குச் சத்தம் கூடியிருக்கும். ஒலி கொஞ்சம் கூடினாலே நுணுக்கங்கள் தெளிவாகக் கேட்பதாகத் தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்து, இரண்டு கேபிளுக்கும் அதை ஒன்றாக்கிவிட்டு, எது எது என்று தெரியாமல் வேறு யாரையாவது மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள், மலிவான மல்டிமீட்டர்கள் 400-க்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை.

அப்படிக் கேட்டும் வெள்ளி ஜெயித்தால் இங்கேயே வந்து எழுதுங்கள், நானும் ஒரு ஜோடி வாங்கிக்கொள்கிறேன். முலாம் விஷயத்தில் ஒன்று மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்: நம் ஊர்க் காற்றில் வெள்ளி கறுக்கும், தங்க முலாம் கறுக்காது. வருடக்கணக்கில் கழற்றாமல் கிடக்கும் இணைப்புக்குத் தங்க முலாம் போட்ட பின் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அது ஓசைக்காக இல்லை, தொடர்பு கெடாமல் இருப்பதற்காக.

எர்த் பைப்

தம்பி, எல்லோரும் கேபிளையே பேசுகிறீர்கள். நான் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒயரிங் வேலை பார்த்தே தலை நரைத்தவன். முதலில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வீடுகளில் முதலில் போட்டது மரச் சட்டத்தில் அடித்த இரண்டு ஒயர் மட்டும். எர்த் என்ற பேச்சே கிடையாது. பிறகு ஒவ்வொரு பங்காளியும் தங்கள் அறைக்குத் தனித்தனியாக, ஆளுக்கொரு எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றியிருப்பார்கள். மூன்று ஓட்டைச் சாக்கெட் சுவரில் இருக்கும், மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. மூன்று ஃபேஸ் வந்த வீடாக இருந்தால் உங்கள் அறை ஒரு ஃபேஸிலும் முகப்பு ஹால் இன்னொரு ஃபேஸிலும் இருக்கக்கூடும். எர்த் இருந்தாலும் இரண்டுக்கும் வெவ்வேறு குழியாக இருக்கும். அந்த வித்தியாசம் முழுவதையும் உங்கள் ஆடியோ கேபிள்தான் தாங்குகிறது.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பழக்கம் இல்லாவிட்டால் பழக்கம் உள்ளவரை வைத்துக்கொண்டு, இரண்டு சாக்கெட்டிலும் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஐம்பது, அறுபது, தொண்ணூறு என்று ஆடினால் அங்கே எர்த் இல்லை என்று அர்த்தம். ஆம்ப் பெட்டியைப் புறங்கையால் தடவினால் சுர்ரென்று ஊர்வதும் அதனால்தான், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டரிலிருந்து கசிவது போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது.

நம் மண் செம்மண், செம்புறைக் கல். மழை இல்லாத மாதங்களில் பாறைபோல் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்தவர்கள் கோடையில் தண்ணீர் ஊற்றவில்லையென்றால் குழி எடுத்ததே வீண். கிணற்றடியிலோ துணி துவைக்கும் இடத்துப் பக்கத்திலோ எடுத்தால் ஈரம் தானாக நிற்கும்.

அப்புறம், டாக்கும் ஆம்பும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். ஹாலுக்குத் தனியாக ஒரு மூன்று கோர் ஒயரை உங்கள் அறை போர்டிலிருந்தே இழுங்கள், ஆடியோ கேபிளிலிருந்து ஓர் அடியாவது தள்ளி. இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்க விடுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள்.

சில பேர் இரைச்சலைப் போக்க ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்வார்கள். இரைச்சல் போனாலும் போகும், கூடவே ஆளும் போகலாம். அந்த யோசனை சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஐப்பசி இடி ஆரம்பித்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் இருக்கட்டும். கேபிளைத் திறந்த முற்றத்துக்குக் குறுக்கே காற்றில் கட்டிவிடாதீர்கள், சுற்றியுள்ள பத்தி (தாழ்வாரம்) வழியாகவே போகட்டும்.

பள்ளத்தூரான்

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எர்த் பைப் ஐயா சொன்னபடி உள்ளூர் எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்தாயிற்று.

என் அறையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றரை வோல்ட், நன்றாக இருக்கிறது. முகப்பு ஹாலில் மீட்டர் 70-க்கும் 90-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. சாக்கெட்டைக் கழற்றினோம். ஃபேஸ், நியூட்ரல் திருகுகள் இரண்டும் கறுத்துப்போய், ஒயர் அழுந்திய தடத்தோடு இருந்தன. எர்த் திருகு மட்டும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருந்தது, ஒரு ஒயரும் அதைத் தொட்டதே இல்லை. சின்ன வயதில் நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சாக்கெட்டில்தான் டேபிள் ஃபேனைச் செருகிக்கொண்டு தூங்குவோம்.

ஓம்விதி சார் கேட்டது: ப்ரீஆம்ப் டிரான்சிஸ்டர் வகை, கையேட்டில் வெளியீடு 100 ஓம் என்று போட்டிருக்கிறது. ஆனால் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் 1-க்கும் 3-க்கும் இடையே அளந்தால் 0.2 ஓம்! இத்தனை வருடம் பேலன்ஸ்டு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சாக்கெட். பவர் ஆம்பின் உள்ளீட்டில் 1-2, 1-3 இரண்டிலுமே பல கிலோ ஓம் காட்டுகிறது, அது நிஜமான பேலன்ஸ்டு என்றே நினைக்கிறேன்.

இப்போது கேபிள் வாங்குவதா, ப்ரீஆம்பை விற்பதா? ஸ்பீக்கர் ஒயரை இழுக்கும் யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் ஆம்பின் சூட்டுக்கு என் அறை தாங்காது, ஒரே ஒரு சின்ன ஜன்னல்.

ஓம்விதி

ப்ரீஆம்பை விற்காதீர்கள். வாங்கும் பக்கம் நிஜமான பேலன்ஸ்டாக இருந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. அதே மூன்று ஒயர்க் கேபிளைப் போடுங்கள். 3-ஆம் பின் ப்ரீஆம்பின் தரையை ஹால் வரை கொண்டுபோய்க் காட்டும், பவர் ஆம்ப் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும், ஷீல்டில் ஓடுவது சிக்னலோடு சேராது. ஒரு பக்கம் 100 ஓம், மறுபக்கம் பூஜ்யம் என்பதால் முழு பேலன்ஸ்டு அளவுக்கு இரைச்சலைத் தள்ளாது, ஆனால் உங்கள் ஆர்சிஏவை விடப் பல மடங்கு நன்றாக இருக்கும்.

முதலில் ஹாலுக்கு எர்த்தோடு லைன் இழுங்கள், பிறகு கேபிள். இரண்டும் முடிந்த பிறகும் இரைச்சல் மிச்சம் இருந்தால் பவர் ஆம்ப் பக்கத்தில் ஒரு நல்ல 1:1 லைன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி ஒயர் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) வைத்துவிடலாம். அதற்கு முன்பே வாங்கிவிடாதீர்கள், தேவைப்படாமலே போகலாம்.

இன்வெர்ட்டர் சத்தம் வேறு கதை. அது சைன் வேவ் இல்லையென்றால் அந்த 'ட்ர்ர்ர்' ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே நேராக வந்துகொண்டிருக்கலாம். கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் ஓட விட்டுக் கேளுங்கள். அப்போதும் பெட்டியிலிருந்தே உறுமினால் ஆடியோ லைனை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிடுங்கள்.

அந்த ஹாலில் ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்புச் சுவர், உயரமான கூரை. எதிரொலிக்குக் கேட்கவா வேண்டும். கேபிளில் மிச்சமான காசில் ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டு கனத்த ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள். செவிச்செல்வம் சார் சொன்ன மாற்றம் அதில் நிச்சயம் கேட்கும்.

செவிச்செல்வம்

ஜமுக்காளத்தில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. 100 ஹெர்ட்ஸ் சோதனையை இந்த வாரம் செய்துவிட்டு எழுதுகிறேன். மாற்றிக் கொடுக்க மச்சானை வரச் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு இசையும் பிடிக்காது கேபிளும் பிடிக்காது, நடுநிலையான ஆள்.

மைக்செட் மகன்

அண்ணே, கேபிள் வாங்கும்போது 14 மீட்டர் என்று கணக்காகக் கேட்காதீர்கள், ஒவ்வொன்றும் 16 வாங்குங்கள். ஆம்பைச் சுவரோரம் நகர்த்தும்போது இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தளர்வு வேண்டும். பெண் முனை ப்ரீஆம்ப் பக்கம், ஆண் முனை பவர் ஆம்ப் பக்கம். இடது வலதுக்கு இரண்டு தலையிலும் வேறு நிற டேப் சுற்றுங்கள், படைப்பு முடிந்து திரும்ப மாட்டும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

பழைய வீடு, எலி இல்லாமல் இருக்காது. உத்தரத்து ஓரம் முழுவதும் பிவிசி பைப்புக்குள் விட்டுவிடுங்கள், அதே மர நிறத்தில் பெயின்ட் அடித்தால் பங்காளிகள் கண்ணிலும் படாது. பைப்பில் இரண்டு கேபிளையும் இழுத்த பிறகு கேனனுக்குச் சால்டர் வையுங்கள். தலையோடு இழுக்கப் பார்த்தால் 25 எம்எம் பைப்பில்கூட இரண்டாவது கேபிள் நுழையாது.